பின்கண்ணாடிக்குப் பவர் சட்டர் பூட்டலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. என்னிடம் 2012ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் விகோ டபுள் கெப் ஒன்று இருக்கிறது. வெங்காயமும் கரட்டும் ஏற்றுவதற்கும் குடும்பத்தோடு போய் வருவதற்கும் அதுதான். போன வருடம் கனடா போயிருந்தபோது, ஸ்காபரோவில் இருக்கும் மச்சானின் ஃபோர்ட் எஃப்-150இல் பின்கண்ணாடியின் நடுப்பகுதி சுவிச்சை அமத்தியதும் பக்கவாட்டில் திறப்பதைக் கண்டேன். அப்பாவுக்கு 78 வயது. பின் சீற்றில் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார், ஏசி போட்டால் கால் உளைகிறதாம். மச்சான் அந்தக் கண்ணாடி செற்றை அனுப்பத் தயாராக இருக்கிறார். இங்கே அலுமினியம் வேலை செய்யும் ஒருவர், "அனுப்பவே தேவையில்லை, இருக்கிற கண்ணாடியை நடுவில் வெட்டி, ரெயில் போட்டு, மோட்டரும் பூட்டித் தருகிறேன்" என்கிறார். எதைச் செய்யலாம்?
உரும்பிராய் வாசகர்

பதில்: தம்பி, அந்த அலுமினியம் வேலைக்காரரிடம் வண்டியை விட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு கதைப்போம்.

முன்கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உங்கள் பின்கண்ணாடியும் கதவுக் கண்ணாடிகளும் வேறு சாதி. அவற்றை வேண்டிய அளவுக்கு வெட்டி முடித்த பிறகுதான் 600 பாகைக்கு மேல் சூடாக்கி, வளைத்து, குளிர்காற்றைப் பாய்ச்சிச் சட்டென்று ஆறவிடுகிறார்கள். வெளிப்பக்கம் முந்தி இறுகிவிடும். உள்ளே இருப்பது பிந்தி ஆறிச் சுருங்கும்போது வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுவைதான் கண்ணாடியின் பலம். வெட்டும் முனை அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போன உடனேயே முழுக் கண்ணாடியும் கற்கண்டு போலக் கொட்டிப் போகும். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் வெட்ட முடியாது.

அவர் வெட்டிப் பார்ப்பார், உடையும், பிறகு சோகேஸுக்குப் போடுகிற 5 மில்லிமீற்றர் கண்ணாடியைப் போட்டுத் தருவார். அந்தக் கண்ணாடி உடைந்தால் நீளநீளமாகக் கத்தி போலப் பிளக்கும். உங்கள் அப்பாவின் பிடரிக்கு ஒரு முழம் பின்னால் அப்படியொன்றை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அக்ரிலிக் தகடு போடலாம் என்று சொல்லுபவர்களும் உண்டு. செம்மண் தூசியில் ரெண்டு மாதம் துடைத்தீர்கள் என்றால் கீறல் விழுந்து, இரவில் பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சம் முழுக் கண்ணாடியிலும் பரவும். பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாது.

இனி மச்சான் அனுப்பும் செற். எஃப்-150 உங்கள் வண்டியைவிட அகலமான வண்டி. அதன் பின்கண்ணாடியின் அகலம், உயரம், மூலைகளின் வளைவு, சாய்வு எல்லாம் அந்தக் கெபினுக்கென்று செய்தவை. அவற்றில் ஒன்றைக்கூட ஹைலக்ஸின் தகரத்துக்குப் பொருத்த முடியாது. தகரத்தை வெட்டிப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்ட வேண்டாம். கெபினின் பின்சுவரும் சேர்ந்துதான் கூரையின் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே மச்சானுக்குக் கப்பல் காசு மிச்சம்.

சரி, எப்படித்தான் செய்வது? உங்கள் வண்டி மொடலுக்கென்றே செய்த முழுச் சட்டம் வேண்டும். இரண்டு பக்கமும் அசையாத கண்ணாடிகள், நடுவில் ஓடும் கண்ணாடி, மேலும் கீழும் ரெயில், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும். பழைய முழுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைப் பூட்டுவது. ஹைலக்ஸுக்கு அப்படிச் செய்த, கையால் தள்ளித் திறக்கும் கண்ணாடிகள் வெளிநாடுகளில் விற்பனைக்கு உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் விற்பவர்களிடமும் ஒருமுறை விசாரியுங்கள். வாங்கப் போகும்போது உங்கள் கண்ணாடியின் மூலையில் அச்சடித்திருக்கும் எழுத்துகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அகலத்தையும் உயரத்தையும் நடுவிலும் ஓரங்களிலும் அளந்து கொண்டு போங்கள்.

கையால் தள்ளுவதா, மோட்டரா? இதைக் கொஞ்சம் யோசியுங்கள். மச்சானின் வண்டியில் மோட்டர் பின் சீற்றுக்குப் பின்னால், சுவரில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு கேபிள்கள் ரெயிலுக்குப் போய், நடுக் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கின்றன. ஓட்டுபவர் தனியாக இருக்கும்போது கை எட்டாத கண்ணாடியைத் திறப்பதற்குத்தான் அந்த வசதி. உங்கள் வண்டியிலோ அந்தக் கண்ணாடிக்குக் கீழே அப்பாவே இருக்கிறார். கைப்பிடியை அமத்தித் தள்ளினால் திறக்கும். தூசி வந்தால் அவரே மூடுவார். கேபிள் அறுந்து, பாகம் தேடி, மூன்று மாதம் கண்ணாடியை ரேப் போட்டு ஒட்டி வைத்திருக்கும் நிலை வராது. என் வண்டியாக இருந்தால் கையால் தள்ளுவதைத்தான் பூட்டுவேன்.

மோட்டர்தான் வேண்டும் என்றால் மின்வேலை பெரிய வித்தை இல்லை. ஓடும் கண்ணாடி மோட்டருக்கு இரண்டு வயர்தான். ஒன்றுக்கு 12 வோல்ற், மற்றதுக்கு எர்த் கொடுத்தால் ஒரு பக்கம் ஓடும். மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம். இரண்டு ஐந்து-கால் ரிலே (சுவிச்சின் சின்ன மின்சாரத்தால் மோட்டரின் பெரிய மின்சாரத்தை மாற்றிவிடும் பெட்டி) எடுங்கள். ஒவ்வொன்றிலும் 30 என்ற கால் மோட்டருக்கு, 87 பற்றரியிலிருந்து வரும் வயருக்கு, 87ஏ எர்த்துக்கு. சும்மா இருக்கும்போது மோட்டரின் இரண்டு வயரும் எர்த்தில் இருக்கும், எந்த ரிலே இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். தவறிப்போய் இரண்டு சுவிச்சையும் ஒன்றாக அமத்தினாலும் சோர்ட் ஆகாது. ரிலே சுருளுக்குப் போகும் மின்சாரத்தைத் திறப்புப் போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து எடுங்கள். திறப்பைக் கழற்றிய பிறகு பிள்ளைகள் சுவிச்சில் விளையாடினாலும் கண்ணாடி அசையக் கூடாது. அத்தோடு, அமத்திப் பிடிக்கும் வரைக்கும் மட்டும் ஓடுகிற சுவிச்சாக இருக்க வேண்டும். ஒருமுறை தட்டினால் தானே முழுவதும் மூடுகிற வகை வேண்டாம். வெளியில் வாங்கிப் பூட்டும் மோட்டர்களில் பலவற்றுக்குக் கை அகப்பட்டால் திரும்பும் புத்தி கிடையாது.

பியூஸ் பற்றரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பின்னால் மோட்டருக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் வயர் உரஞ்சி எரியும்போது அந்தப் பியூஸ் ஒன்றும் செய்யாது. 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போதும். எஞ்சின் பக்கத்திலிருந்து கெபினுக்குள் வரும் துளையில் றப்பர் வளையம் போடுங்கள். வயரைக் கதவுப் படியின் பிளாஸ்டிக்குக்குக் கீழால் கொண்டு போகலாம். அந்த வழியில் மஞ்சள் நிறக் குழாய்க்குள் வயர்கள் கண்டால் கை வைக்காதீர்கள். அது எயார்பாக் வயர். உங்கள் பழைய கண்ணாடியில் சூடேற்றும் கோடுகள் இருந்தால், அதற்கு வந்த இரண்டு வயர் முனைகளையும் தனித்தனியாக ரேப் சுற்றிக் கட்டிவிடுங்கள், தகரத்தில் தொட விடாதீர்கள்.

இவ்வளவு சொன்ன மின்வேலை அரை நாள். நான் உங்களுக்கு ஆறுதலாகச் சொல்ல விரும்புவது தண்ணீரைப் பற்றி.

உங்கள் கண்ணாடி றப்பர் பீடிங்கில் (விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் றப்பர் பட்டியில்) இருக்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பை நகத்தால் நெம்பினால் பீடிங்கின் உதடு மெதுவாக உயரும். ஒட்டியது அசையாது. பீடிங் என்றால் வேலை சுகம். நான் இந்த வேலையைப் பழகியது 1990களில், பெற்றோலும் பற்றரியும் யாழ்ப்பாணத்துக்குள் வராத தடைக் காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின் ஏ40களிலும் மொரிஸ் மைனர்களிலும். புதுப் பீடிங் எங்கே கிடைக்கும்? காய்ந்ததையே சுடுதண்ணீரில் போட்டு இளக்கிப் பாவித்தோம். பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள் உதட்டுக்குள் நைலோன் கயிற்றை ஒரு சுற்று வைத்து, முனைகளைக் கெபினுக்குள் விட்டு, சவர்க்காரத் தண்ணீர் பூசி, வெளியில் ஒருவர் உள்ளங்கையால் தட்டத் தட்ட உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல இழுப்பார். உதடு தகரத்தின் மேல் ஒவ்வொரு அங்குலமாக ஏறி இருக்கும். இன்றைக்கும் அதே முறைதான், அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஒட்டிய கண்ணாடி என்றால் கவனம். பழைய பசையை மெல்லிய கம்பியால் அறுக்க வேண்டும். அப்போது பெயின்ரில் கீறல் விழுந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பிறைமர் பூசிக் காயவிட்ட பிறகுதான் புதுப் பசை. ஒருமுறை நான் இதை விட்டுவிட்டேன். வாடிக்கையாளர் வெளிநாட்டுக்குப் போக அவசரப்பட்டார், கீறல் நூல் அளவுதான், பசை மூடிவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாரி கழித்து வண்டி திரும்பி வந்தது. கண்ணாடியின் கீழ் மூலையில் பெயின்ற் கொப்பளித்து, பின் சீற்றின் கீழ்க் காப்பெற்றை உயர்த்தினால் தகரம் பொரிந்து கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி, துரு வெட்டி, புதுத் தகரம் வைத்து ஒட்டி, பெயின்ற் அடித்து முடிக்க எட்டு நாள். காசு வாங்கவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

வாகனக் கண்ணாடிக்குரிய யூரிதேன் பசைதான் வேண்டும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கன் வேண்டாம், வண்டியின் உடல் முறுகும்போது அது பெயின்ரிலிருந்து உரிந்துவிடும். யூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். எத்தனை மணித்தியாலம் என்று குழாயில் எழுதியிருக்கும், அதற்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் கதவுச் சட்டரை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே அமுங்கும் காற்று இறுகாத பசையைத் தள்ளி ஒரு ஓட்டை விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஐப்பசி மழைக்குத்தான் தெரியும்.

காலத்தையும் பாருங்கள். சோளகம் அடிக்கும் நாட்களில் உரும்பிராய்ப் பக்கம் செம்மண் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பசை பூசும் இடத்தில் அந்தத் தூசி ஒரு படலம் படிந்தாலே போதும், ஒட்டாது. விடியற்காலை, காற்று எழும்ப முன், மூடிய கொட்டிலுக்குள் செய்யச் சொல்லுங்கள். புரட்டாதிக்குள் முடித்துவிட்டால் மழைக்கு முன் சோதித்துப் பார்க்க நாள் இருக்கும்.

சோதிக்கும் விதம் இது. ஹோஸ் பைப்பால் கீழ் விளிம்பில் தொடங்கி மெல்ல மேலே போங்கள், உள்ளே ஒருவர் ரோச்சுடன் பார்க்கட்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு எல்லாச் சட்டரையும் மூடி, ஏசி விசிறியை வெளிக்காற்று எடுக்கும்படி வைத்து முழு வேகத்தில் விட்டு, வெளியில் விளிம்பு முழுக்கச் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். நுரை முட்டை விடும் இடம்தான் ஓட்டை.

ஓடும் கண்ணாடியின் கீழ் ரெயிலில் தண்ணீர் வெளியே போகச் சின்னத் துளைகள் இருக்கும். வேப்பமரத்துக்குக் கீழ் வண்டி விடுகிறவர் என்றால், பூக் கொட்டும் காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை பல் துலக்கும் பிரஷால் அந்த ரெயிலைத் துடையுங்கள். வேப்பம்பூவும் செம்மண்ணும் சேர்ந்தால் களி போல அடைத்துவிடும். பிறகு ரெயிலில் நிரம்பும் தண்ணீருக்குச் சீற்றைத் தவிரப் போக இடமில்லை.

பெட்டிகளைக் கண்ணாடி உயரத்துக்கு ஏற்றுவீர்கள் என்றால் பின்னால் இரும்புக் கிறில் ஒன்றும் வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள்.

கடைசியாக அப்பா. இவ்வளவுக்கும் முன் ஒரு சின்னச் செலவைச் செய்து பாருங்கள். பின் கதவு இரண்டுக்கும் டோர் வைசர் (சட்டருக்கு மேலே பூட்டும் மழைத் தடுப்பு) பூட்டி, சட்டரை இரண்டு விரல் இறக்கி விட்டு, ஏசி இல்லாமல் சாவகச்சேரி வரை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். மழைக்கும் நனையாது. அவருக்கு அது போதும் என்றால் பின்கண்ணாடியில் கை வைக்கத் தேவையில்லை. அல்லது முன் சீற்றை அவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் டபுள் கெப்பில் கையால் தள்ளும் பின்கண்ணாடி இருக்கிறது. வவுனியாவுக்குப் போகும்போது பிள்ளைகள் காற்று வேண்டும் என்று அதை மட்டும் திறந்து விடுகிறார்கள். இறங்கும்போது இரண்டு பேருக்கும் தலையிடி. பின் சீற்றில் மாவு போலத் தூசி. கண்ணாடி பின்னால்தானே இருக்கிறது, தூசி எப்படி வருகிறது?
சாவகச்சேரி வாசகி

பதில்: தங்கச்சி, இந்தக் கடிதத்தை வாசித்த உடனேயே பதில் எழுதுகிறேன். இனிமேல் அந்தக் கண்ணாடியை மட்டும் தனியாகத் திறந்துகொண்டு ஓட வேண்டாம்.

வண்டி முன்னால் ஓடும்போது கூரையையும் பக்கங்களையும் தாண்டிய காற்று, கெபினுக்குப் பின்னால் சுழன்று திரும்பி வருகிறது. அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைவு. ரயர் கிளப்பும் தூசியும் சைலன்சர் விடும் புகையும் அந்தச் சுழலுக்குள் இழுபட்டு, திறந்திருக்கும் பின்கண்ணாடி வழியாக உள்ளே வருகின்றன. தூசி கண்ணுக்குத் தெரிகிறது. புகையோடு வரும் காபன்மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடிதான் அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று, பிறகு குமட்டலும் நித்திரைத் தூக்கமும் வரும். டீசல் எஞ்சினில் பெற்றோலைவிட அது குறைவு என்பது உண்மை, ஆனால் கரியும் மற்ற வாயுக்களும் உண்டு.

பின்கண்ணாடியைத் திறந்தால் முன் சட்டர் ஒன்றையும் திறந்து விடுங்கள், விசிறியை வெளிக்காற்று எடுக்கும்படி வையுங்கள். முன்னால் வரும் காற்று பின்னால் வெளியேறும்போது புகை உள்ளே வருவது குறையும். வரிசையில் நிற்கும்போது, எஞ்சினை ஓட விட்டு ஒருவரைக் காத்திருக்கும்போது கண்ணாடியை மூடுங்கள். இந்த வாரமே சைலன்சரின் மூட்டுகளையும் ஓட்டைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். குழாயின் வாய் சாமான் ஏற்றும் தட்டுக்குக் கீழேயே முடிகிறதா, விளிம்பைத் தாண்டி வெளியே வருகிறதா என்பதையும் கேளுங்கள். கண்ணாடியை மூடிய பிறகும் பிள்ளைகளுக்குத் தலையிடி வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: என்னுடைய எல்200இல் பின்கண்ணாடி முழுவதும் மோட்டரால் கீழே இறங்கும். இப்போது அரைவாசியில் நிற்கிறது. புது மோட்டர் போடச் சொல்கிறார்கள்.
ஊர்காவற்றுறை வாசகர்

பதில்: மிற்சுபிசி 2005இல் கொண்டு வந்த அந்த எல்200 வரிசையில் சில வண்டிகளுக்கு இந்த வசதி உண்டு. கதவுச் சட்டர் போன்ற அமைப்புத்தான். மோட்டர் வாங்க முன், இரவில் கெபின் லைற்றைப் போட்டுவிட்டு சுவிச்சை அமத்திப் பாருங்கள். கண்ணாடி நிற்கும் இடத்தில் லைற் மங்கினால் மோட்டர் இழுக்கிறது, ஏதோ பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு அநேகமாகப் பக்க ரெயில்களில் துருவும் காய்ந்த றப்பரும்தான். லைற் மங்காவிட்டால் அநேகமாக மின்சாரம் மோட்டருக்குப் போய்ச் சேரவில்லை. சுவிச்சின் உள் தொடுகைகளையும் எர்த் வயர் தகரத்தில் பூட்டிய இடத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கையால் கண்ணாடியைத் தாங்கி உதவி செய்ய அது ஏறுகிறது என்றால் மோட்டரை மாற்றத் தேவையில்லை, ரெயிலைக் கழற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: ஓடும் கண்ணாடி ரெயிலுக்குக் கிறீஸ் போடலாமா?
கோப்பாய் வாசகர்

பதில்: வேண்டாம். தூசியைப் பிடித்து அரம் போல ஆகிவிடும். எஞ்சின் ஒயிலும் வேண்டாம், அது றப்பரை ஊத வைக்கும். துடைத்துவிட்டுச் சிலிக்கன் ஸ்பிரே மெல்லிதாக அடியுங்கள், மாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை.